கள்வனைத் தேடுவோர்க்குக் கூலி கொடுப்பது யார்?

களவு தீது என்பதில் உலகத்து ஒழுக்க நூல்கள் யாவும் ஒருமுகமாக நிற்கின்றன. கள்வனைப் பிடித்து நீதியின் முன் நிறுத்தல் வேண்டும் என்பதிலும் கருத்து வேற்றுமை இல்லை. ஆயின், அவனைத் தேடிப் பிடிப்பதற்காகும் செலவை ஏற்க வேண்டியவர் யார் என்ற வினாவை எழுப்பியவுடன் அவ்வொற்றுமை குலைந்துவிடுகிறது. நாடு முழுவதற்கும் பொதுவான திறைசேரி அதனை ஏற்கவேண்டும் என்பர் ஒரு சாரார். பொருளைப் பறிகொடுத்தவனே தன் பொருளைத் தேடிக்கொள்ளட்டும் என்பது பழைய காலத்து விடை. களவு கொடுக்கக்கூடிய நிலையில் உள்ளோர் அனைவரும் சிறுசிறு தொகையாகச் சேர்த்து அச்செலவைப் பகிர்ந்துகொள்ளட்டும் என்பது மூன்றாவது விடை. இம்மூன்றாவது விடையை ஐக்கிய அமெரிக்காவின் மாநிலங்கள் பல மோட்டார் வாகனக் காப்புறுதியில் நடைமுறைப்படுத்தி வருகின்றன. பார்வைக்குச் சிறியதாகத் தோன்றும் அவ்வேற்பாடு நேர்மை, பொதுநலம், நீதி என்பன பற்றிய பெரிய வினாக்களைத் தன்னுள் அடக்கியுள்ளது. அவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் அவ்வேற்பாடு இயங்கும் விதத்தைக் காண்போம். மோட்டார்த் தொழிலின் தாயகமாகிய மிச்சிகன் மாநிலம் 1986ஆம் ஆண்டில் வாகனக் களவுத் தடுப்பு அதிகாரசபை ஒன்றை நிறுவியது. காப்புறுதி செய்யப்பட்ட ஒவ்வொரு பயணிகள் வாகனத்துக்கும் ஆண்டொன்றுக்கு ஒரு டொலர் வீதம் அறவிட்டு, அந்நிதியைக் களவுகளைப் புலனாய்வு செய்யும் பொலிஸ் குழுக்களுக்கும் வழக்குத் தொடுநர்களுக்கும் மானியமாக வழங்க அச்சட்டம் வகைசெய்தது. ரெக்சாஸ் மாநிலம் 1991இல் அவ்வழியைப் பின்பற்றியது. கலிபோர்னியாவிலோ காப்புறுதி பெற்ற வாகனம் ஒவ்வொன்றின் மீதும் ஆண்டுக்கு ஒரு டொலருக்கு மேற்படாத கட்டணம் வாகனக் காப்புறுதி மோசடியைப் புலனாய்வதற்கென்றே விதிக்கப்படுகிறது. கும்பல்களாக அமைந்து மோசடி செய்வோரை ஒடுக்குவதற்கென மேலும் 50 சதம் அறவிடப்படுகிறது. இப்பணம் மாநிலக் காப்புறுதித் திணைக்களத்தின் புலனாய்வாளர்க்கும் மாவட்ட வழக்குத் தொடுநர்க்கும் பகிர்ந்தளிக்கப்படுகிறது. நியூயோர்க் மாநிலத்தில் 5 டொலராக இருந்த இத்தகைய கட்டணம் 2009இல் 10 டொலராக உயர்த்தப்பட்டது. எங்கும் முறை ஒன்றே: கட்டணத்தை வாகன உரிமையாளரிடமிருந்து காப்புறுதிக் கம்பனி வசூலிக்கிறது, அரசிடம் ஒப்படைக்கிறது, அரசு புலனாய்வாளரிடம் கொடுக்கிறது. தான் செலுத்தும் கட்டுப்பணத்துள் இச்சிறு தொகை ஒளிந்திருப்பதைப் பெரும்பாலானோர் அறியார்.

இக்கட்டணத்தின் அவசியத்தை உணர்வதற்குக் காப்புறுதி என்பதன் இயல்பை உணர்தல் வேண்டும். பாமர வழக்கில் காப்புறுதிக் கம்பனி என்பது பெரும் பணக்குவியலின் மீது அமர்ந்திருக்கும் முகமற்ற ஒரு செல்வன். அவனிடமிருந்து சிறிது எடுத்தால் எவருக்கும் நட்டமில்லை என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அக்குவியல் ஆயிரக்கணக்கானோர் தத்தம் இடர்க்காலத்துக்கென ஒதுக்கிய பணத்தின் திரட்சியேயாகும். இவ்வாண்டு விபத்துக்குள்ளாகாத ஒருவர், விபத்துக்குள்ளான இன்னொருவரின் இழப்பைத் தாம் அறியாமலே தாங்குகிறார். ஊரில் ஒருவரின் கூரை எரிந்தால் அயலவர் ஓலை கொண்டுவந்து வேய்ந்து கொடுக்கும் பழைய முறையின் கணித வடிவமே காப்புறுதி எனலாம். எனவே பொய்யான கோரிக்கையை முன்வைப்பவன் கம்பனியின் பணப்பெட்டியைத் திறக்கிறான் எனக் கொள்வது தவறு. அயலவர் கொணர்ந்த ஓலைகளையே அவன் திருடுகிறான். அடுத்த ஆண்டுக் கட்டுப்பணம் உயரும்போது அந்நட்டம் முகமுள்ள மனிதர்களையே வந்தடைகிறது.

ஜேர்மானிய மெய்யியலாளர் இமானுவேல் கான்ற் 1785இல் வெளியிட்ட ஒழுக்கவியல் நூலில், திருப்பிச் செலுத்த இயலாது என அறிந்தும் வாக்குறுதியளித்துக் கடன்பெறுபவனை உதாரணமாகக் காட்டினார். யாவரும் அவ்வாறே நடப்பின் வாக்குறுதி என்ற ஒன்றே உலகில் நிலைக்காது. ஆகவே அவனது செயல் தன்னைத்தானே அழிக்கும் விதியின்பாற்பட்டது என்பது அவர் வாதம். காப்புறுதிக்கு இவ்வாதம் இன்னும் அழுத்தமாகப் பொருந்தும். உடைந்த கதவொன்றுக்கு இரு கதவுகளின் விலையைக் கேட்பவன், ஏனையோர் உண்மை பேசுகின்றனர் என்ற நம்பிக்கையை மூலதனமாகக் கொண்டே பொய் பேசுகிறான். எல்லாரும் அவனைப்போல் கேட்பாராயின் அவனுக்குக் கொடுப்பதற்குப் பணம் எஞ்சியிராது.

மோசடியெல்லாம் இத்தகைய சிறு மிகைப்படுத்தல்களே எனவும் கருதற்க. 2024ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் கலிபோர்னியாவின் அரோகெட் ஏரிப் பகுதியில், தமது றோல்ஸ் றொய்ஸ் காரினுள் கரடி புகுந்து ஆசனங்களைக் கிழித்துவிட்டது எனக் கூறிச் சிலர் நட்டஈடு கோரினர். அதற்குச் சான்றாக ஒளிப்பதிவையும் காட்டினர். புலனாய்வாளர் அதே நாளில் அதே இடத்தில் வேறிரு மேர்சிடிஸ் கார்களுக்கும் கரடியால் சேதம் விளைந்ததாக வேறு கம்பனிகளிடம் கோரிக்கை விடுக்கப்பட்டிருந்ததைக் கண்டனர். உயிரியலாளர் ஒருவர் ஒளிப்பதிவைப் பார்வையிட்டு, அது கரடி வேடமணிந்த மனிதனே என்றார். தேடுதலில் வேடத்துக்கான உடையும் அகப்பட்டது. அவ்வாண்டு நொவெம்பரில் நால்வர் கைதாயினர். மூன்று கம்பனிகளிடமிருந்து பெறப்பட்ட தொகை 1,41,000 டொலருக்கு மேற்பட்டது. இச்செய்தியைக் கேட்டோர் நகைத்தனர், நகைத்தலும் இயல்பே. ஆயினும் இதில் ஒரு பாடம் உண்டு. மூன்று கோரிக்கைகளும் மூன்று வெவ்வேறு கம்பனிகளிடம் தனித்தனியே இருந்தவரை, ஒவ்வொன்றும் ஒரு விந்தையான விபத்தாக மட்டுமே தோன்றியிருக்கும். மூன்றையும் ஒருசேர நோக்கவல்ல பொதுவான கண் ஒன்று இருந்தமையாலேயே உண்மை வெளிப்பட்டது.

நகைப்புக்கு இடமற்ற நிகழ்ச்சிகளும் உள. மாசாச்சுசெற்ஸ் மாநிலத்தின் லோறன்ஸ் நகரில், நட்டஈடு பெறும்பொருட்டு வேண்டுமென்றே நிகழ்த்தப்பட்ட வாகன மோதலில் 2003ஆம் ஆண்டு 65 வயது மூதாட்டி ஒருவர் உயிரிழந்தார். அதே ஆண்டில் நியூயோர்க்கின் குயீன்ஸ் பகுதியில், அத்தகைய நாடக மோதலொன்றில் ஏதுமறியாது தம் வழியே காரைச் செலுத்திச் சென்ற 71 வயது மூதாட்டி பலியானார். அவர் நினைவாக, மோதலை நாடகமாக நிகழ்த்துவதையே தனிப்பெருங் குற்றமாக்கும் சட்டம் நியூயோர்க்கில் 2019இலேயே நிறைவேறியது. லோறன்ஸ் நகரிலோ உள்ளூர்ப் பொலிசாரும், காப்புறுதித் துறையின் செலவில் இயங்கும் மாநில மோசடிப் புலனாய்வகமும் இணைந்து குழுவொன்றை அமைத்தனர். நூற்றுக்கணக்கானோர் மீது குற்றஞ்சாட்டப்பட்டது. கார் ஓட்டியோர் மாத்திரமன்றிச் சட்டத்தரணிகளும் முதுகெலும்புச் சிகிச்சையாளர்களும் அவருள் அடங்குவர். அதன்பின் அந்நகரத்தாரின் கட்டுப்பணம் குறைந்தது. நேர்மையாளர் கொடுத்த சிறுதொகை நேர்மையாளரிடமே திரும்பி வந்தது என்று இதனைக் கூறலாம்.

இவ்விடத்து, கம்பனிகள் தத்தம் செலவில் இதனைச் செய்யலாகாதா, சட்டத்தால் ஏன் அறவிடவேண்டும் என ஒருவர் கேட்கலாம். இதற்கு ஸ்கொத்லாந்து நாட்டு மெய்யியலாளர் டேவிட் ஹியூமிடம் விடையுண்டு. அயலவர் இருவர் தமக்குப் பொதுவான புல்வெளியின் நீரை வடித்துவிட எளிதில் இணங்குவர். ஆயிரம் பேர் அவ்வாறு இணங்குதல் அரிது. ஏனெனில் ஒவ்வொருவனும் உழைப்பையும் செலவையும் பிறர் தலையில் சுமத்த வழிதேடுவான் என்று 1739-40இல் வெளிவந்த தம் நூலில் அவர் விளக்கினார். கம்பனிகளின் நிலையும் அதுவே. பெருஞ்செலவில் ஒரு கும்பலைப் பிடிக்கும் கம்பனி, தன்னுடன் போட்டியிடும் கம்பனிகளையும் அக்கும்பலிடமிருந்து காக்கிறது. ஆனால் செலவு அதனுடையது மட்டுமே. எனவே ஒவ்வொன்றும் மற்றொன்று முன்வரட்டும் எனக் காத்திருக்கும். மோசடியின் செலவைக் கட்டுப்பணத்தில் ஏற்றிவிடுதல் அதனிலும் எளிது. அனைவரிடமும் சமமாக அறவிடும் சட்டமே அக்காத்திருப்பை முடிவுக்குக் கொண்டுவர வல்லது.

இதுவரை கூறியவை இக்கட்டணத்துக்குச் சார்பானவை. இனி மறுதலையான வாதங்களை நோக்குவோம். அவை இலேசானவையல்ல.

முதலாவது வாதம் நேர்மையாளன் ஏன் கொடுக்கவேண்டும் என்பதாகும். குற்றம் செய்யாதவன் குற்றத்தின் செலவைச் சுமப்பது நீதியா? இதற்கு, அது தண்டமன்று, காவலுக்கான விலையே என மறுமொழி கூறலாம். வேலி அமைப்பவன் மாட்டின் குற்றத்துக்காகத் தண்டம் செலுத்தவில்லை. தன் பயிரைக் காக்கிறான். ஆயினும் இம்மறுமொழி முழுமையானதன்று. இவ்வேலியின் பயன் காப்புறுதி செய்யாத வாகனத்துக்கும், வாகனமே இல்லாது வீதியோரம் நடந்து செல்பவனுக்கும் கிட்டுகிறது. மேலும், பழைய சிறு காரை வைத்திருக்கும் தொழிலாளியும் றோல்ஸ் றொய்ஸ் வைத்திருக்கும் செல்வனும் ஒரே தொகையைச் செலுத்துகின்றனர். தொகை சிறிதாதலால் எவரும் முறையிடுவதில்லை. ஆனால் நீதியின்மை சிறிதாக இருப்பதால் நீதியாகிவிடுவதில்லை. அமெரிக்காவின் மாநிலங்கள் பெரும்பாலானவற்றில் வாகனக் காப்புறுதி சட்டத்தால் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. கட்டாயமாக வாங்க வேண்டிய ஒன்றின்மேல் கட்டாயமாக விதிக்கப்படும் கட்டணத்துக்கு வரி என்பதைவிடப் பொருத்தமான பெயரில்லை. வரியெனின் வரிக்குரிய ஒழுங்குகள் யாவும் அதற்கும் உரியனவாதல் வேண்டும்.

இவ்வொழுங்கு தளர்ந்தால் என்ன நேரும் என்பதற்கு ரெக்சாஸ் மாநிலம் சான்று. அங்கு ஒரு டொலராகத் தொடங்கிய கட்டணம் 2011இல் 2 டொலராகவும், 2019இல் 4 டொலராகவும், 2023இல் 5 டொலராகவும் உயர்ந்தது. 2019ஆம் ஆண்டு உயர்வின்போது, கட்டணத்தின் பெரும்பகுதி களவுத் தடுப்புக்கன்றி, படுகாயமுற்றோர்க்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவ நிலையங்களுக்கான நிதிக்கு ஒதுக்கப்பட்டது. காயமுற்றோரைக் காப்பது களவைத் தடுப்பதினும் உயர்ந்த பணியே. ஆனால் உயர்ந்த பணிக்காயினும், ஒன்றின் பெயரால் வாங்கி மற்றொன்றுக்குக் கொடுப்பது வாங்கியவரிடம் முழு உண்மையைக் கூறாமையாகும். பொய்க் கோரிக்கை விடுப்பவனை நாம் கடிவது எதற்காக? தான் கேட்கும் பணத்தின் காரணத்தை அவன் உண்மையாக உரைக்கவில்லை என்பதற்காகவே. அதே அளவுகோலை அரசின் மீதும் வைத்தல் முறையன்றோ?

இரண்டாவது வாதம் இன்னும் ஆழமானது. கூலி கொடுப்பவன் பக்கமே கூலிக்காரனின் கண் திரும்பும் என்பது அது. இதற்கு வரலாறு தக்க எச்சரிக்கை தருகிறது. ஒழுங்கான பொலிஸ் படை தோன்றுமுன் இங்கிலாந்தில் கள்வரைப் பிடித்தல் பெரும்பாலும் பொருளிழந்தோரின் சொந்தப் பொறுப்பாகவே இருந்தது. வெகுமதிக்காகக் கள்வரைப் பிடிப்போர் பலர் இருந்தனர். அவருள் தலைவனாக விளங்கிய ஜொனதன் வைல்ட் என்பான், தன் கீழ் இயங்கிய கள்வர் திருடிய பொருள்களையே உரியவரிடம் மீட்டுக் கொடுத்து வெகுமதி பெற்றான். தனக்கு அடங்காத கள்வரைத் தூக்குமரத்துக்கு அனுப்பி அதற்கும் வெகுமதி பெற்றான். இறுதியில் 1725இல் அவனே தூக்கிலிடப்பட்டான். இதே நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஊர்கள் பலவற்றில், குற்றவாளிகள் மீது வழக்குத் தொடுப்பதற்கான சங்கங்களும் தோன்றின. அங்கத்தவர் சந்தா செலுத்துவர். அங்கத்தவர் எவரேனும் களவு கொடுத்தால் அப்பணத்தில் கள்வனைத் தேடி வழக்கு நடத்துவர். இன்றைய ஒரு டொலர்க் கட்டணத்தின் முன்னோடி இதுவே. அச்சங்கங்கள் பயனுள்ளவையாயினும், சந்தா செலுத்த வசதியற்ற ஏழையின் ஆட்டைத் திருடியவனைத் தேட எவரும் புறப்படவில்லை.

தீயணைப்பின் வரலாறும் இதனோடு ஒப்பிட்டு நோக்கத்தக்கது. 1666ஆம் ஆண்டுப் பெருந்தீயின் பின் இலண்டனில் எழுந்த தீக்காப்புறுதிக் கம்பனிகள் தத்தம் நட்டத்தைக் குறைக்கும்பொருட்டுத் தீயணைப்போரை வேலைக்கமர்த்தின. 1833இல் அவை தம் படைகளை ஒன்றிணைத்தன. 1861இல் ரூலி வீதிப் பண்டசாலைகளில் மூண்ட தீ பெருநாசம் விளைத்தது. படையின் தலைவரும் அதில் மாண்டார். அதன்பின் இச்சுமையைத் தாம் தனித்துத் தாங்க இயலாது எனக் கம்பனிகள் அரசிடம் கைவிரித்தன. 1865ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அடுத்த ஆண்டில் தீயணைப்பு இலண்டன் மாநகரின் பொதுப்பணியாயிற்று. கம்பனிகள் தாம் காப்புறுதி செய்த பெறுமதியில் மில்லியன் பவுணுக்கு 35 பவுண் வீதம் தொடர்ந்து உதவுதொகை செலுத்தின. பணம் கம்பனிகளிடமிருந்தும் வந்தது. ஆனால் எந்த வீட்டுக்குச் செல்வது என்ற முடிவு அவர்களுடையதாக இருக்கவில்லை. பணத்தின் ஊற்றும் அதிகாரத்தின் ஊற்றும் வேறாதல் இயலும் என்பதற்கு இது நல்லதோர் உதாரணம்.

இன்றைய ஏற்பாடுகளை இந்த அளவுகோலால் அளந்து பார்க்கலாம். இலண்டன் நகரப் பொலிசில் 2012 ஜனவரியில் தொடங்கப்பெற்ற காப்புறுதி மோசடித் தடுப்புப் பிரிவு, காப்புறுதித் தொழிற்றுறையினர் நேரடியாகத் தரும் பணத்தில் இயங்குகிறது. அப்பிரிவினர் கைதுசெய்யும் அதிகாரமுடைய உண்மையான பொலிசாரே. அவரது நேர்மையை ஐயுற வேண்டியதில்லை. ஆயினும், தன் துவிச்சக்கரவண்டியைப் பறிகொடுத்த ஏழை தன் முறைப்பாட்டுக்கெனத் தனிப்பிரிவு எதனையும் அமைக்க இயலாதவன் என்பதும் மறக்கற்பாலதன்று. அமெரிக்க மாநிலங்களின் முறை இதனிலும் ஒருபடி மேலானது. அங்கே பணம் சட்டத்தால் அறவிடப்பட்டு, பொதுச்சபையொன்றின் அல்லது திணைக்களத்தின் வழியாகவே புலனாய்வாளரை அடைகிறது. வழக்குத் தொடுப்பதா இல்லையா என்பதைத் தீர்மானிப்பவர் மக்களின் வழக்குத் தொடுநரே. எனினும் அங்கும் ஓர் ஆபத்துண்டு. ஒரு குற்றத்துக்கென மட்டும் ஒதுக்கிய பணம் வரும் இடத்தில், அக்குற்றமே எங்கும் தென்படத் தொடங்கலாம். இவ்வாண்டின் வழக்குகளின் தொகையை அடுத்த ஆண்டு மானியத்தின் அளவுகோலாகக் கொண்டால், தவறுதலாகப் படிவத்தை நிரப்பிய எளியவனும் மோசடிக்காரனாக எண்ணப்படும் நிலை தோன்றலாம். மெய்யாகவே காரைப் பறிகொடுத்த ஒருவன் தான் கள்வனல்லன் என முதலில் நிரூபிக்க வேண்டியிருப்பின், அவன் இருமுறை களவு கொடுத்தவனாவான்: முதலில் வாகனத்தை, பின்னர் மதிப்பை.

மூன்றாவது வாதம் நல்லெண்ணம் இருபாலார்க்கும் உரியது என்பதாகும். காப்புறுதி உடன்படிக்கை உச்ச நல்லெண்ணத்தை அடிப்படையாகக் கொண்டது என்ற கோட்பாட்டை 1766இல் மான்ஸ்பீல்ட் பிரபு தம் புகழ்பெற்ற தீர்ப்பில் வகுத்துரைத்தார். சுமாத்திராத் தீவின் பென்கூலன் பகுதிக் கோட்டையொன்றின் காப்புறுதி பற்றிய வழக்கு அது. காப்புறுதி பெறுபவன் தான் அறிந்தவற்றை மறைக்கலாகாது என்பதை யாவரும் நினைவிற் கொள்வர். ஆனால் அத்தீர்ப்பிலேயே மறுபக்கமும் உண்டு: கப்பல் பத்திரமாகக் கரைசேர்ந்துவிட்டது எனத் தனக்கு மட்டும் தெரிந்திருந்தும் அதனை மறைத்துக் கட்டுப்பணம் பெறும் காப்புறுதியாளனும் அதே கடமையை மீறியவனே என மான்ஸ்பீல்ட் கூறினார். நியாயமான கோரிக்கையைக் காலங்கடத்தியும், நுணுக்கமான சொற்களைக் காட்டியும் மறுக்கும் கம்பனி, கோரிக்கையை மிகைப்படுத்துபவனின் இரட்டைப் பிறவியேயாகும். இருவரும் மற்றவரின் நம்பிக்கையைச் செலவழித்துத் தம் பையை நிரப்புகின்றனர். மக்கள் தரும் டொலர் ஒருபாலாரின் பொய்யை மட்டும் தேடுமாயின் அது அரைகுறை நீதியே.

இதனோடு ஒட்டிய இன்னொரு நிலையும் உண்டு. 2011ஆம் ஆண்டுக்குப் பின் பல்லாண்டுகளாக அமெரிக்காவில் விற்பனையான கியா, ஹூண்டாய் கார்களுட் பல, உரிய திறப்பு இல்லாவிடில் இயந்திரம் இயங்காது தடுக்கும் மின்னணுச் சாதனம் பொருத்தப்படாதனவாக இருந்தன. கனடாவில் 2007 செப்டெம்பர் முதல் அச்சாதனம் புதிய கார்களுக்குச் சட்டத்தால் கட்டாயமாக்கப்பட்டிருந்தது. அமெரிக்காவில் அவ்வாறான சட்டம் இருக்கவில்லை. அக்கார்களைத் திருடும் வழி 2022இல் சமூக ஊடகங்களில் பரவியதும் இளைஞர் பலர் அவற்றைத் திருடத் தலைப்பட்டனர். விபத்துகளும் மரணங்களும் நேர்ந்தன. அவ்விளைஞரைத் தேட ஒரு டொலர் கொடுத்தவன் வாகன உரிமையாளன். சாதனத்தைப் பொருத்தாது செலவை மிச்சப்படுத்தியவரோ அந்நிதிக்கு எதுவும் கொடுக்கவில்லை. வழக்குகள் எழுந்த பின்னரே 2023இல் அந்நிறுவனங்கள் உரிமையாளர்க்கு இழப்பீடு வழங்க இணங்கின. களவு செய்தவனின் குற்றம் இதனால் குறைந்துவிடாது. ஆனால் கதவைத் திறந்துவைத்தவர்க்கும் காவற்கூலியில் ஒரு பங்குண்டு என்பது பொதுவறிவுக்கு ஒத்த நீதியன்றோ?

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, இக்கட்டணத்தை அடியோடு மறுப்பதற்குக் காரணமில்லை என்பது புலனாகும். மோசடியின் செலவை நேர்மையாளன் எவ்வாறாயினும் சுமக்கவே போகிறான். உயர்ந்த கட்டுப்பணமாக மௌனமாகச் சுமப்பதா, அல்லது அதனைக் குறைப்பதற்கான முயற்சியில் பங்காளியாகச் சுமப்பதா என்பதே அவன் முன்னுள்ள தெரிவு. பின்னையதே மனிதனின் மதிப்புக்கு உகந்தது. ஆயினும் அப்பங்காளி வெறும் பணம் கொடுப்பவனாக மட்டும் இருத்தலாகாது. தான் கொடுக்கும் தொகையும் அதன் நோக்கமும் கட்டுப்பணச் சிட்டையில் வெளிப்படையாக எழுதப்பட்டிருத்தல் வேண்டும். வாங்கிய நோக்கத்துக்கன்றிப் பிறிதொன்றுக்கு அது செலவாதல் கூடாது. புலனாய்வாளன் பணத்தின் ஊற்றுக்கன்றிச் சட்டத்துக்கே விடையளிப்பவனாக இருத்தல் வேண்டும். கோரிக்கையாளனின் பொய்யைத் தேடும் அதே விளக்கு கம்பனியின் பொய்யையும், களவுக்கு வழிவிட்டோரின் கவனயீனத்தையும் தேடுதல் வேண்டும்.

வள்ளுவர் கள்ளாமைக்கெனத் தனி அதிகாரம் வகுத்தபோது, பிறர் பொருளைக் கவரும் செயலோடு நில்லாது, கவர நினைக்கும் உள்ளத்தையும் கருத்திற் கொண்டார். சட்டமும் புலனாய்வும் செயலையே எட்டும், உள்ளத்தை எட்டமாட்டா. ஒரு டொலர் கொண்டு கரடி வேடத்தைக் கலைக்கலாம். ஆனால் யாருடையதுமல்லாத பணம் என்று ஒன்று உலகில் இல்லை என்ற உணர்வை எந்தக் கட்டணத்தாலும் வாங்க இயலாது. அவ்வுணர்வு கோரிக்கைப் படிவத்தை நிரப்புபவனிடமும், அதனைப் பரிசீலிப்பவனிடமும், அறவிட்ட பணத்தைப் பங்கிடும் சட்டமன்றத்திடமும் ஒருங்கே வேரூன்றுமாயின், கள்வனைத் தேடுவோர்க்கு நாம் கொடுக்கவேண்டிய கூலி தானாகவே குறைந்துவிடும்.